ஊருக்கென ஒரு மகமை: மாதேஸ்வரன் மலைப் பகுதியும் வருகையாளர் தீர்வையும்

சுற்றுலாவால் வருமானம் பெறுகிற ஊர் ஒன்றாகவும், அதன் சுமையைத் தாங்குகிற ஊர் வேறொன்றாகவும் இருப்பது தென்னிந்தியாவின் மலைத்தலங்களிலும் காட்டோரப் பகுதிகளிலும் பொதுவாகக் காணப்படும் நிலையாகும். கர்நாடகத்தின் தென்கோடியில், சாமராஜநகர் மாவட்டம் ஹனூர் வட்டத்தில் உள்ள மார்டள்ளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழ் பேசும் கத்தோலிக்கக் கிறித்தவர்கள் பெருமளவில் வாழும் இவ்வூர் மைசூரு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 ஆகஸ்ட் 15 அன்று சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை வருவாய் நிர்வாகத்திலும் இது மைசூரு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அதற்கும் முன்பு, 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை, இப்பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைகள் மாறியபோதும் மக்களின் மொழியும் மானாவாரி வேளாண்மையும் மாறவில்லை. அரசுத் தலைமையிடங்களுக்கும் இவ்வூருக்கும் உள்ள தொலைவும் குறையவில்லை.

இப்பகுதிக்கு வருவோருக்குப் பஞ்சமில்லை. எழுபத்தேழு மலைகள் சூழ்ந்ததெனப் பக்தர்கள் போற்றும் மாதேஸ்வரன் மலைக்குச் சிவராத்திரி, யுகாதி, தீபாவளி, அமாவாசை நாள்களில் மைசூரு, மண்டியா, பெங்களூருப் பக்கங்களிலிருந்தும் சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரள்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் காட்டு வழியே நடந்தே வருகிறார்கள். காவிரியின் கரையோரமாக, ஒகேனக்கல்லின் கர்நாடகப் பக்கத்துக்கும் கோபிநத்தம் காட்டு முகாமுக்கும் செல்வோர் தனி. ஆனால் இவர்கள் அறை எடுத்துத் தங்குவதும் பணம் செலவிடுவதும் பெரும்பாலும் மைசூரு போன்ற நகரங்களிலும் மலை உச்சியிலுமே நிகழ்கின்றன. இடையில் உள்ள ஊர்களுக்குக் கிடைப்பவை வாகனப் புகையும், சாலையோரத்தில் குவியும் நெகிழிக் குப்பையும், கோடையில் மேலும் வற்றும் குடிநீரும்தான்.

பொது வசதிகளின் பற்றாக்குறை எந்த அளவுக்குக் கொடியதாக முடியும் என்பதை 2018 டிசம்பர் 14 காட்டியது. அன்று சுல்வாடி கிச்சுகுத்தி மாரம்மன் கோவிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்டு பதினேழு பேர் இறந்தனர்; பாதிக்கப்பட்ட பலரை மலைச்சாலைகளைக் கடந்து மைசூரு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நஞ்சு கலந்தது குற்றச்செயல். ஆயினும் உயிர்காக்கும் சிகிச்சை அவ்வளவு தொலைவில் இருந்தது நிர்வாகத்தின் குறை. வழிபட வரும் வெளியூராருக்கும் அங்கேயே வாழும் உள்ளூராருக்கும் ஒரே மருத்துவமனைதான், ஒரே சாலைதான், ஒரே குடிநீர்க் குழாய்தான். வருகையாளரின் பணத்தில் ஒரு சிறு பகுதி அந்தப் பொது வசதிகளுக்குத் திரும்பி வருவதற்கான வழியே இக்கட்டுரையின் பொருள்.

தீர்வையின் இலக்கணம்

வருகையாளர் தீர்வை என்பது, ஓர் ஊரில் வந்து தங்குவோரிடம் இரவுக்கு இவ்வளவு என்றோ, அறை வாடகையில் இத்தனை விழுக்காடு என்றோ பெறப்படும் சிறு தொகை. இதை அரசே விதித்துப் பொதுக் கருவூலத்தில் சேர்ப்பது ஒரு வகை. விடுதிகள் தங்களுக்குள் கூடி முடிவுசெய்து, தொகையைத் திரட்டி, ஒரு தனிக் கணக்கில் வைத்து, அதே ஊரின் தூய்மைக்கும் விளக்குக்கும் வழிகாட்டுதலுக்கும் செலவிடுவது இன்னொரு வகை. இரண்டிலும் விருந்தினரின் பில்லில் ஒரு வரி கூடுகிறது என்பது பொது. ஆனால் அந்தப் பணத்தின் மீது யாருக்கு உரிமை, யாருக்குக் கணக்கு என்பதில் இரண்டும் முற்றிலும் வேறுபடுகின்றன. தீர்வையின் வெற்றியும் தோல்வியும் அதன் அளவைக் காட்டிலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகின்றன.

இரண்டாம் வகை மேலைநாட்டார் வகுத்த புதுமை என்று கருத வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோவிலில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, மிளகு, பாக்கு, மஞ்சள், இரும்பு, பருத்தி முதலிய சரக்குகளின் மீது பொதிக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே ஒரு பங்கை விதித்துக்கொண்டு, அதைக் கோவிலுக்கு அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் விருதுநகர், சிவகாசி வட்டார நாடார் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை மகமையாக ஒதுக்கி, அந்தப் பொதுநிதியிலிருந்து பள்ளிகளையும் பேட்டைகளையும் கோவில்களையும் நடத்தினார்கள். இந்த ஏற்பாடுகள் நிலைத்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். விகிதத்தைக் கட்டுபவர்களே முடிவு செய்தார்கள். எல்லாரும் கட்டியதால் ஒருவருக்கும் போட்டியில் இழப்பு நேரவில்லை. பணம் போன இடம் ஊரார் கண்முன் இருந்தது.

வாக்களித்து ஏற்ற தீர்வை

இதே மூன்று கூறுகளையும் இக்காலச் சட்டத்தின் வடிவில் காண விரும்புவோர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைப் பார்க்கலாம். அங்கு 2023 ஏப்ரல் முதல், நகர மையத்திலும் அதை ஒட்டிய சால்ஃபோர்டின் ஒரு பகுதியிலும் உள்ள பெரிய விடுதிகள், அறைக்கு ஓர் இரவுக்கு ஒரு பவுண்டு, அதன்மேல் மதிப்புக்கூட்டு வரி, என்று விருந்தினரிடம் பெறுகின்றன. இங்கிலாந்தின் மாநகர மன்றங்களுக்குச் சுற்றுலா வரி விதிக்கும் அதிகாரம் அப்போது இல்லை. ஆகவே விடுதியாளர்கள், ஒரு பகுதியின் வணிகர்கள் கூடித் தங்கள் பகுதியை மேம்படுத்திக்கொள்வதற்கென 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வகுத்திருந்த ஏற்பாட்டைக் கையாண்டார்கள்.

அந்த ஏற்பாட்டின்படி தீர்வை நடைமுறைக்கு வர வேண்டுமானால் இரு பெரும்பான்மைகள் தேவை. வாக்களித்த நிறுவனங்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்ப வேண்டும். அந்நிறுவனங்களின் சொத்து மதிப்பின்படியும் ஒப்பியோர் பங்கு பாதியைத் தாண்ட வேண்டும். முதல் விதி பெரிய விடுதிகள் சிறியவற்றை நசுக்காமலும், இரண்டாம் விதி சிறியவை திரண்டு பெரியவற்றின் மீது சுமையை ஏற்றாமலும் காக்கின்றன. ஒருமுறை அளிக்கப்படும் ஒப்புதல் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். பின்னர் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெற வேண்டும். பணம் எப்படிச் செலவாயிற்று என்பதைக் காட்டாமல் அடுத்த ஒப்புதலைப் பெற இயலாது என்பதால், கணக்கு காட்டும் கடமை அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

தலைநகருக்குச் செல்லும் பணம்

தமிழர்கள் வாழும் அண்டை நாடுகளின் அனுபவம் வேறுவிதமானது. இலங்கையில் பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் மொத்த விற்றுவரவில் ஒரு விழுக்காட்டைச் சுற்றுலா மேம்பாட்டுத் தீர்வையாகச் செலுத்துகின்றன. அது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த சுற்றுலா மேம்பாட்டு நிதியில் சேர்கிறது. தொழில்துறையின் பங்களிப்பு பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல் தனி நிதியாக நிற்பது இதன் சிறப்பு. அதே வேளையில், அந்த நிதியிலிருந்து பயன்பெறுபவை விளம்பரம், பயிற்சி, மாநாடு முதலியவற்றைக் கவனிக்கும் தேசிய அமைப்புகள். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ உள்ள ஒரு விடுதி செலுத்தும் தொகைக்கும் அந்தக் கடற்கரையின் குப்பைத் தொட்டிக்கும் நேரடித் தொடர்பை அந்தச் சட்டம் ஏற்படுத்தவில்லை.

மலேசியாவில் 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் அறைக்கு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி பெறப்படுகிறது. அதைத் திரட்டுவது கூட்டரசின் சுங்கத் துறை. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2014இல், பினாங்கு மாநிலம் தன் உள்ளாட்சி மன்றங்களின் வழியே விடுதிக் கட்டணம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. விடுதியின் நட்சத்திரத் தரத்துக்கேற்ப அது இரண்டு அல்லது மூன்று ரிங்கிட்டாக இருந்தது. தொகை சிறியதாயினும், வசூலித்த மன்றமே தெருவைப் பெருக்கும் மன்றமாகவும் இருந்ததால், கட்டியவருக்குக் கேள்வி கேட்கும் முகவரி உள்ளூரிலேயே இருந்தது.

இந்திய முன்னுதாரணங்கள்

இந்தியாவில் விடுதிகளின் வழியே வருகையாளரிடம் பெறப்படும் தீர்வைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு சிக்கிம். 2025ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் பதிவு விதிகளின்படி, அந்த ஆண்டு மார்ச் மாதம் முதல், மாநிலத்துக்கு வரும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியிடமும் ஐம்பது ரூபாய் பெறப்படுகிறது. விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்திடும்போதே இத்தொகையை விடுதியார் வாங்கிக்கொள்கிறார்கள். ஒருமுறை செலுத்தினால் முப்பது நாள்களுக்குச் செல்லும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. திரளும் தொகை சுற்றுலாவின் நீடித்த மேம்பாட்டுக்கென அமைந்த தனி நிதிக்குச் செல்கிறது. தனியாகச் சோதனைச் சாவடியோ வசூல் ஊழியரோ தேவைப்படாத இந்த முறை, நிர்வாகச் செலவு குறைந்தது என்பதால் சிறு மாநிலங்களுக்கும் சிறு வட்டாரங்களுக்கும் மிகவும் ஏற்றது.

தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கை அடுத்துள்ள தேக்கடி இன்னும் ஆழமான பாடத்தைத் தருகிறது. 1996 முதல் 2004 வரை நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் வெளிநாட்டு நிதி முடிந்தபோது, அதன் பணிகள் நின்றுவிடாதிருக்கப் பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. காப்பகத்துக்கு வருவோரின் நுழைவுக் கட்டணத்துடன் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் ஒன்றும் பெறப்பட்டு, அது அரசுக் கருவூலத்துக்குப் போகாமல் அறக்கட்டளையிலேயே தங்கியது. அதே திட்டக் காலத்தில், காட்டில் இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வந்த ஒரு குழுவினர், வழக்குகளிலிருந்து விடுவிக்கப்பட்டு, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாக மாறினார்கள். எந்தப் பாதையில் பட்டைச் சுமையுடன் பதுங்கி நடந்தார்களோ அதே பாதையில் பயணிகளுடன் நடந்தபடியே ரோந்தும் செய்தார்கள். காட்டைக் காப்பதில் வருமானம் உண்டு என்ற நிலை ஏற்பட்டதும், காட்டை அறிந்தவர்களே அதன் காவலர்களானார்கள். 2006இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இத்தகைய ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று வகுத்தது. 2012இல் வெளியான சுற்றுலா வழிகாட்டு நெறிகள், காப்பகங்களை ஒட்டித் தொழில் நடத்தும் விடுதிகளிடமிருந்து பாதுகாப்புக் கட்டணம் பெற்று உள்ளூர் மக்களின் நலனுக்குச் செலவிட வேண்டும் என்றன.

மார்டள்ளிப் பகுதிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அதைச் சூழ்ந்த காடுகளில் பெரும்பகுதி 2013இல் அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வர வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கும். 2025 ஜூன் மாதம் அந்தச் சரணாலயத்தின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் நஞ்சூட்டப்பட்ட மாட்டின் இறைச்சியைத் தின்று இறந்து கிடந்தன. மாட்டை இழக்கிற குடும்பத்துக்குப் புலியால் இழப்பு மட்டுமே மிஞ்சுகிறது. புலியைப் பார்க்க வருவோரால் கிடைக்கும் வருவாய் வேறெங்கோ சேர்கிறது. இந்த நிலை நீடிக்கும் வரை, தண்டனைச் சட்டம் ஒன்றினால் மட்டும் காட்டைக் காத்துவிட இயலாது. கால்நடை இழப்புக்கு உடனடி உதவி வழங்க ஒரு வட்டார நிதி இருந்து, அந்த நிதிக்கு விடுதிகள் பங்களித்தால், காட்டோர மக்களுக்கும் சுற்றுலாவுக்கும் இடையே இன்று இல்லாத ஒரு பொது நலன் பிறக்கும்.

வரியா, கட்டணமா?

இத்தகைய தீர்வைக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பது அடுத்த வினா. கர்நாடகம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், தமிழ்நாடு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் விடுதி அறைகளுக்கு ஆடம்பர வரி விதித்து வந்தன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அந்த வரிகள் அதற்குள் அடங்கின. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. பெறப்படுகிறது. இப்பணத்தை மைய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. விடுதி நிற்கும் ஊராட்சிக்கு இதிலிருந்து நேரடிப் பங்கு ஏதுமில்லை.

ஆகவே உள்ளூர்த் தீர்வை ஒன்று வேண்டுமாயின், அது வரியாக அன்றிக் கட்டணமாக அமைவதே உகந்தது. வரி என்பது எந்தக் குறிப்பிட்ட சேவைக்கும் ஈடாக அல்லாமல் பொதுச் செலவுக்காகப் பெறப்படுவது. கட்டணம் என்பது ஒரு சேவையின் பொருட்டுப் பெறப்பட்டு அச்சேவைக்கே செலவிடப்படுவது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் உடுப்பியின் சிரூர் மடம் தொடர்பான வழக்கில் தெளிவாக வகுத்தது. சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டம் மடங்களிடமிருந்து கோரிய பங்களிப்பு, தனியே ஒதுக்கி வைக்கப்படாமல் மாநிலத்தின் பொது நிதியில் கலந்துவிட்டதால், அது கட்டணமாகாது, வரியே என்று நீதிமன்றம் கூறியது. அன்று உடுப்பியும் கொள்ளேகாலும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன என்பதால், அத்தீர்ப்பு இம்மண்ணின் நிர்வாக வரலாற்றோடும் பிணைந்தது. செலுத்திய தொகைக்கு நேர் ஈடான சேவை வேண்டும் என்ற கண்டிப்பைப் பின்வந்த தீர்ப்புகள் தளர்த்தியபோதிலும், தனிக் கணக்கு என்னும் நெறி நல்ல நிர்வாகத்தின் அளவுகோலாக இன்றும் நிற்கிறது.

கர்நாடகத்தின் 1993ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதே நெறியைக் கிராம அளவில் ஏற்றிருக்கிறது. அதன் 199ஆம் பிரிவு, திருவிழாக்களுக்கு வருவோரிடமிருந்து யாத்திரிகர் கட்டணம் பெறும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்கு அளிக்கிறது. ஆனால் குடிநீர், சுகாதாரம், துப்புரவு ஆகியவற்றுக்கான ஏற்பாடுகளை அந்த ஊராட்சி செய்திருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்குகிறது. முதலில் வசதி, பிறகு கட்டணம் என்ற இந்த வரிசையே வருகையாளர் தீர்வை முழுவதற்கும் அடிப்படையாகத் தகும்.

இப்பகுதிக்கு ஏற்ற வடிவம்

மைசூரு, கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை ஆகிய இடங்களின் விடுதிகள் ஒன்றிணைந்து ஒரு வட்டார நிதியை உருவாக்குவதாயின், அதில் ஐந்து கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, விடுதிகள் எண்ணிக்கையாலும் வருவாயாலும் பெரும்பான்மை ஒப்புதல் அளித்த பின்னரே தீர்வை தொடங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அதன் வரவு செலவைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். மூன்றாவது, நிதியை ஆளும் குழுவில் விடுதியாளர்களுடன் மலை மாதேஸ்வர சுவாமி தலமேம்பாட்டு ஆணையம், வனத்துறை, வழியிலுள்ள ஊராட்சிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகியோருக்கும் இடம் வேண்டும். நான்காவது, பகிர்வு அறைகளின் எண்ணிக்கையைப் பின்பற்றாமல், வருகையால் ஊருக்கு ஏற்படும் சுமையைப் பின்பற்ற வேண்டும். இல்லையேல் விடுதிகள் இல்லாத மார்டள்ளி போன்ற ஊர்களுக்கு ஒன்றும் வந்து சேராது. ஐந்தாவது, நடந்துவரும் பக்தர்களுக்கும், கோவில் மண்டபங்களிலும் பொதுக் கூடங்களிலும் படுத்துறங்குவோருக்கும், குறைந்த வாடகை அறைகளில் தங்குவோருக்கும் முழு விலக்கு வேண்டும்.

தொகை சிறிதாயினும் அது திரளும் விதம் கவனத்துக்குரியது. கணக்குக்காக ஆயிரம் அறைகளை எடுத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் சராசரியாக அவற்றில் அறுபது விழுக்காடு நிரம்பும் என்றும், அறைக்கு இரவுக்கு இருபத்தைந்து ரூபாய் என்றும் வைத்தால், ஓராண்டில் 54,75,000 ரூபாய் சேரும். ஒரு விருந்தினருக்கு அது ஒரு காப்பியின் விலை. ஒரு வட்டாரத்துக்கு அது, அரசின் அடுத்த ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல், கழிப்பறைகளைப் பராமரிக்கவும், திருவிழா நாள்களில் குப்பை வண்டிகளை ஓட்டவும், ஓர் ஆம்புலன்சை ஆயத்தமாக நிறுத்தவும் கைகொடுக்கும் நிலையான வருவாய்.

எதிர்வாதங்களின் எடை

இதற்கு எதிராக எழும் வாதங்களும் புறக்கணிக்கத் தக்கவையல்ல. ஏற்கெனவே ஜி.எஸ்.டி. செலுத்தும் விருந்தினர் மேலும் ஏன் செலுத்த வேண்டும் என்பது முதல் வாதம். அது நியாயமான கேள்வி. அதற்கு விடையாகக் காட்டக்கூடியது கண்ணுக்குத் தெரியும் பணி ஒன்றே என்பதால், முதல் ஆண்டிலேயே மலைச்சாலையில் தூய கழிப்பறையும் குடிநீரும் அமைய வேண்டும். பதிவு செய்யாத விடுதிகளும் வீட்டுத் தங்குமிடங்களும் தீர்வையிலிருந்து தப்பித்து, நேர்மையாகப் பதிவுசெய்து தொழில் நடத்துவோருக்கு இழப்பை உண்டாக்கும் என்பது இரண்டாம் வாதம். இதுவும் மெய்யானதே. ஆனால் அத்தகைய இடங்களைத் தண்டத்தால் அச்சுறுத்துவதை விட, பதிவு பெற்றோருக்கு மட்டுமே நிதியின் விளம்பரமும் வழிகாட்டிச் சேவையும் உண்டு என்று வகுத்து உள்ளே ஈர்ப்பது பயன்தரும். அரசு செய்ய வேண்டிய கடமையைத் தனியார் ஏற்றுக்கொண்டால் அரசு ஒதுங்கிவிடும் என்பது மூன்றாம் வாதம். மூன்றிலும் கனமானது இதுவே. சாலை, மருத்துவமனை, குடிநீர்த் திட்டம் ஆகியவற்றின் கட்டுமானம் அரசின் பொறுப்பாகவே நீடிக்க வேண்டும். வட்டார நிதி அவற்றின் பராமரிப்புக்கும் கூடுதல் வசதிக்கும் மட்டுமே உரியது என்பதைத் தொடக்க உடன்படிக்கையிலேயே எழுதிவைக்க வேண்டும்.

புதிய சட்டம் இயற்றப்படும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மைசூருவின் விடுதியாளர்கள் தங்கள் சங்கத்தின் வழியே தாமாக முன்வந்து ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டு, வழியிலுள்ள ஊராட்சிகளையும் அதில் கையொப்பமிடச் செய்தால், சட்டம் பின்னர் அதைத் தொடரலாம். மகமை நிதியைத் திரட்டிய வணிகர்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. ஊரால் வாழ்கிறவர் ஊருக்குக் கடமைப்பட்டவர் என்ற ஒப்புதலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கடமை நகர எல்லையோடு முடிந்துவிடாமல், வருகையாளரின் வண்டி கடந்துபோகிற கடைசி ஊர் வரை நீள வேண்டும். மார்டள்ளிக்கு உரிய பங்கு மார்டள்ளிக்குச் சேர்வதைக் கொண்டே இவ்வட்டாரத்தின் சுற்றுலா நேர்மையானதா என்பது அளவிடப்பட வேண்டும்.